பருவம் அறிந்து தைப்போம்: வீட்டுத் தையலுக்கு ஓர் ஆண்டுத் திட்டம்



நம் மஹல்லாக்களில் தையல் மெஷின் இல்லாத தெருவே இல்லை எனலாம். கணவரை இழந்தவர்கள், மணவிலக்கு ஆனவர்கள், கணவர் நோயில் படுத்துவிட்டவர்கள் எனப் பலருக்கு அந்த மெஷின்தான் அடுப்பு எரியக் காரணம். உதவி கேட்டு வரும் சகோதரிகளிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஆண்டில் எத்தனை மாதம் மெஷின் ஓடுகிறது?" பதில் அநேகமாக ஒரே மாதிரிதான் வருகிறது. ரமலானை ஒட்டி இரண்டு மாதம், தீபாவளிக்கு முன் ஒரு மாதம், பள்ளி திறக்கும்போது சில வாரம். மற்ற நாட்களில் மெஷினை மூடிய துணியின்மேல் பிள்ளைகளின் புத்தகப் பை இருக்கும்.

ஓடும் மாதங்களில் இரவு ஒரு மணி வரை வேலை. கண்ணும் முதுகும் போகிறது. ஓடாத மாதங்களில் வாரத் தவணைக் கடன். அந்தக் கடனின் வட்டி அடுத்த சீசனில் வரும் கூலியை அப்படியே தின்றுவிடுகிறது. வட்டியின் பாவத்தைப் பற்றிப் பயானில் கேட்டுவிட்டுக் கண்கலங்கும் தாய்மார்களுக்கு, அதிலிருந்து வெளியே வரும் வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

நம் ஊரில் வெயில், காற்று, மழை, பனி என்று நான்கு விதமான காலம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் உடம்பு வேறு துணி கேட்கிறது. இந்த வரிசையை முன்கூட்டியே அறிந்து தைப்பவருக்கும் பின்னுபவருக்கும் பன்னிரண்டு மாதமும் ஏதாவது ஒரு வேலை இருக்கும். அதை விளக்குவதே இக்கட்டுரை.

துணியை அறிதல்

முதலில் ஓர் அடிப்படை. புடவை, லுங்கி, பாப்ளின் போன்றவை நெய்த துணிகள். நீளவாக்கில் பாவு, குறுக்கே ஊடை என நூல்கள் நேராகப் போகின்றன. ஆகவே இழுத்தால் அவ்வளவாக நீளாது. பனியன் துணியும் ஸ்வெட்டரும் பின்னிய துணிகள். அவற்றில் நூல் கண்ணி கண்ணியாக வளைந்து ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கிறது. இழுத்தால் கண்ணி விரியும், விட்டால் சுருங்கும். திருப்பூரில் லட்சக்கணக்கானோருக்குச் சோறு போடுவது இந்தக் கண்ணிதான். வீட்டில் இரண்டு ஊசிகளை வைத்து ஸ்வெட்டர் பின்னும் பெண் கையால் செய்வதும் அதே வேலையே.

துணி எப்படிக் குளிர்ச்சி தருகிறது? பருத்தி இழை காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. பருத்தி வியர்வையை உறிஞ்சி மெல்ல ஆவியாக்குகிறது. அந்த ஆவியோடு உடல் சூடும் போகிறது. பாலியஸ்டருக்குள் வியர்வை தோலிலேயே தங்கி, வேர்க்குருவாகவும் அரிப்பாகவும் மாறுகிறது.

கம்பளி எப்படிச் சூடு தருகிறது? கம்பளிக்குத் தானாகச் சூடு கிடையாது. கண்ணிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட காற்றுதான் உடல் வெப்பத்தை வெளியே விடாமல் காக்கிறது. இறுக்கமான ஒரு தடித்த உடையைவிடச் சற்றே தளர்வாகப் பின்னிய ஸ்வெட்டர், உள்ளே ஒரு பருத்திச் சட்டையுடன் அணிந்தால், அதிகக் கதகதப்பாக இருப்பது இதனால்தான்.

பங்குனி முதல் ஆனி வரை: வெயில் காலம்

சித்திரையிலும் வைகாசியிலும் நம் ஊர் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். பகலெல்லாம் காய்ந்த மலைப்பாறை இரவிலும் அனல் வீசுவதை நாம் அறிவோம். இந்த மாதங்களில் விற்பவை மல் துணியில் குழந்தைச் சட்டை, கைக்குழந்தைக்கு ஜப்லா, பருத்தி நைட்டி, உள்பாவாடை, தலையணை உறை ஆகியவை.

பருத்தியை வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே கத்தரி வைக்க வேண்டும். நனைக்காத பருத்தி முதல் சலவையிலேயே மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை சுருங்கக்கூடும். "போன தடவை தைத்தது பிடிக்குது" என்று வாடிக்கையாளர் திரும்பி வராமல் போவதற்கு இந்த ஒரு வேலையைத் தவிர்ப்பதே பெரும்பாலும் காரணம்.

புர்கா தைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பாலைவனத்து பதூவின்கள் கொளுத்தும் வெயிலில் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்த ஒரு கட்டுரை, 1980இல் "நேச்சர்" என்னும் அறிவியல் இதழில் வெளியானது. கறுப்பு அங்கி, வெள்ளை அங்கி இரண்டையும் அணிவித்துச் சோதித்தார்கள். கறுப்புத் துணி அதிக வெப்பத்தை இழுத்தது உண்மை. ஆனால் தோலுக்கு வந்து சேர்ந்த வெப்பம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. அங்கி தளர்வாக இருந்ததால், உள்ளே ஓடிய காற்று மிகுதிச் சூட்டை உடலைச் சேருமுன்பே வெளியேற்றிவிட்டது.

இதில் தையல்காரருக்கு ஒரு பாடம் இருக்கிறது. கோடைக்குப் புர்கா தைத்தால் அக்குளிலும் இடுப்பிலும் தாராளமாக இடம் விடுங்கள். கைமுனையை இறுக்காதீர்கள். உள்ளே லைனிங் வேண்டாம். துணி மெல்லியதாக இருந்தால் தோளிலும் மார்பிலும் மட்டும் மெல்லிய பருத்தி லைனிங் போதும். மார்க்கம் கேட்கும் தளர்வும் வெயில் கேட்கும் தளர்வும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

வைகாசியில் பள்ளிச் சீருடை வேலை வரும். வளரும் பிள்ளைகளின் பாவாடையிலும் கால்சட்டையிலும் கீழே மூன்று அங்குலம் மடிப்பு விட்டுத் தைத்தால், மறு ஆண்டு பிரித்து இறக்கிக்கொள்ளலாம். இதை விலையேற்றாமல் செய்து கொடுக்கும் தையல்காரம்மாவைத் தேடித்தான் ஏழைத் தாய் வருவாள்.

இந்த மாதங்களில் தைக்கும் நேரமும் முக்கியம். சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டில் பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை மெஷினில் உட்காருவது உடலுக்கு ஆகாது. ஃபஜ்ருக்குப் பின் மூன்று மணி நேரம், அஸருக்குப் பின் இரண்டு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டால் அதே அளவு வேலை முடியும்.

ஆடி முதல் புரட்டாசி வரை: தயாராகும் காலம்

ஆடியில் ஆர்டர் வராது. ஆனால் இந்த மாதம்தான் ஆண்டின் ஆணிவேர். மூன்று வேலைகளை இப்போது முடிக்க வேண்டும்.

ஒன்று, துணி வாங்குவது. ஆடித் தள்ளுபடியில் கட் பீஸ், லைனிங், காடாத் துணி, நூல்கண்டு எல்லாம் மலிவாகக் கிடைக்கும். பலர் சேர்ந்து ஒருவரை ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கு அனுப்பி மொத்தமாக வாங்கி வந்தால், பஸ் செலவு போகவும் மிஞ்சும்.

இரண்டு, மெஷினைச் சரிசெய்வது. ஷட்டிலில் சேர்ந்த நூல் தூசியை எடுத்து, எண்ணெய்த் துளைகள் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, ஒரு கழிவுத் துணியில் ஓட்டிப் பாருங்கள். சமையல் எண்ணெய் விட்டால் பிசினாகி மெஷின் இறுகிவிடும். மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, தடித்த துணிக்கு 16 எண் ஊசி. பனியன் துணிக்கு முனை மழுங்கிய தனி ஊசி கேட்டு வாங்க வேண்டும். கூர் ஊசி கண்ணியை அறுத்து ஓட்டை போட்டுவிடும்.

மூன்றாவது, கம்பளிப் பின்னலைத் தொடங்குவது. பனி விழும்போது ஊசியை எடுத்தால் பின்னி முடிக்கையில் பனி போயிருக்கும். வீட்டு வேலைக்கு நடுவில் ஒரு குழந்தை ஸ்வெட்டர் முடிய இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆடியில் தொடங்குபவர் கார்த்திகைக்குள் ஐந்தாறு ஸ்வெட்டர் கையில் வைத்திருப்பார். பின்னல் ஊசிக்குக் கரண்டும் வேண்டாம், வெளிச்சமான மேசையும் வேண்டாம். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போதும், ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதும் பின்னலாம். இத்தாவில் இருக்கும் சகோதரிக்கு வீட்டைவிட்டு வெளியே போகாமல் செய்யக்கூடிய வேலை இது.

ஐப்பசி, கார்த்திகை: மழைக்காலம்

தீபாவளிக்கு முன் நம் சகோதரிகளுக்கு ஊர் முழுவதிலிருந்தும் வேலை வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பாவாடை சட்டையும் நம் வீட்டு மெஷினில்தான் தைக்கப்படுகிறது. நம் பெருநாள் உடைக்கு அவர்கள் வீட்டார் பட்டன் கட்டித் தருகிறார்கள். இந்த உறவு பணத்தைவிடப் பெரிது. ஆகவே சொன்ன தேதியில் கொடுப்பது அமானிதம். முடியாத அளவுக்குத் துணி வாங்கி வைத்துக்கொண்டு, கடைசி நாளில் கதவைச் சாத்துவது நம் எல்லோருக்குமே கெட்ட பெயர்.

மழையில் காற்றின் ஈரம் துணிக்கும் மெஷினுக்கும் பகை. துணிக்கட்டைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். நடுவே காய்ந்த வேப்பிலை போட்டால் பூச்சி அண்டாது. இரவில் ஊசியைக் கழற்றி எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தால் துரு ஏறாது. கரண்ட் போகும் மாதமாகையால், மோட்டார் போட்ட மெஷினிலும் கால்மிதியைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள்.

கார்த்திகைத் தீபத்துக்கு வரும் கூட்டம் நமக்குத் தெரிந்ததே. மாதாமாதம் பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவோரும் திரளாக வருகிறார்கள். அவர்களுக்கும் ஊர்க் கடைகளுக்கும் ஆண்டு முழுவதும் தேவைப்படுவது துணிப்பை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது. மகாதீபத் திரிக்கும் பயன்படும் காடாத் துணியிலேயே நல்ல பை தைக்கலாம். வளைவு இல்லை, அளவு எடுக்க வேண்டாம், புதிதாகக் கற்பவரும் ஒரு வாரத்தில் தைத்துவிடுவார். ஆர்டர் இல்லாத நாளில் மெஷின் சும்மா நிற்காமல் காப்பது இந்தப் பைதான்.

கார்த்திகை முதல் மாசி வரை ரமணாசிரமத்தைச் சுற்றிய பகுதியில் வெளிமாநிலத்தாரும் வெளிநாட்டாரும் தங்குகிறார்கள். அவர்கள் தேடுவது தளர்வான பருத்திச் சட்டையும் நாடா வைத்த கால்சட்டையும். இந்த இரண்டையும் சுத்தமாகத் தைக்கக் கற்ற சகோதரிக்குச் செங்கம் சாலைக் கடைகளில் வேலை கிடைக்க வாய்ப்பு உண்டு.

மார்கழி, தை: பனிக்காலம்

நம் ஊரில் குளிர் இரண்டு மாதம்தான். ஆனால் ஃபஜ்ருக்கு நடந்து போகும் முதியவருக்கும், ஆஸ்துமா உள்ளவருக்கும், பிறந்த சிசுவுக்கும் அந்த இரண்டு மாதம் கடினமானது. ஜவ்வாது மலை கிராமங்களில் குளிர் இன்னும் அதிகம். கடையில் மிஷின் ஸ்வெட்டர் மலிவாகக் கிடைக்கும்போது கைப்பின்னலை யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். பெரியவர் ஸ்வெட்டரில் போட்டி போட முடியாதுதான். கைக்குழந்தைக்கான தொப்பி, காலுறை, ஸ்வெட்டர் மூன்றும் சேர்ந்த செட்டுக்கும், முதியவருக்கான மஃப்ளருக்கும், கொக்கி ஊசியால் பின்னும் தொழுகைத் தொப்பிக்கும் வாங்குவோர் எப்போதும் உண்டு.

பின்னலில் நிட், பர்ல் என்று இரண்டே அடிப்படைகள். மற்ற பூவேலை எல்லாம் இவற்றைக் கலந்து செய்வதே. நம் கடைகளில் விற்கும் ஊசிகளுக்குப் பழைய ஆங்கில எண் முறை பின்பற்றப்படுகிறது. எண் கூடக்கூட ஊசி மெலியும்: 8 எண் ஊசி 4 மில்லிமீட்டர், 10 எண் ஊசி மூன்றேகால் மில்லிமீட்டர். ஓரப்பட்டிக்கு மெல்லிய ஊசி, உடலுக்குத் தடித்த ஊசி.

எத்தனை கண்ணி போடுவது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். கணக்கு எளிது. வாங்கிய நூலில் நான்கு அங்குலச் சதுரம் ஒன்றைப் பின்னிப் பாருங்கள். அந்த நான்கு அங்குலத்தில் 22 கண்ணி வந்தால், ஓர் அங்குலத்துக்கு ஐந்தரை கண்ணி. குழந்தை ஸ்வெட்டரின் மார்புச் சுற்றளவு 20 அங்குலம் வேண்டுமானால் முன்பக்கம் 10 அங்குலம். பத்தை ஐந்தரையால் பெருக்கினால் 55 கண்ணி. ஒவ்வொருவர் கை இறுக்கமும் வேறு. ஆகவே அடுத்தவர் எண்ணிக்கையைப் பார்த்துப் போடாமல் அவரவர் சதுரத்தை அளந்தே போட வேண்டும்.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். கடைகளில் "உல்லன்" என்று கிடைப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் இழை. துவைத்தால் சுருங்காது, விலையும் குறைவு. ஆனால் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அதை அணிந்து அடுப்பருகே போகக் கூடாது. கைக்குழந்தைத் தொப்பியில் கழுத்தில் கட்டும் நீள நாடா வேண்டாம். பட்டனை நான்கு முறை கோத்துத் தைத்து, இழுத்துப் பார்த்த பிறகே கொடுங்கள்.

பெருநாள் நகர்கிறது

மற்றத் தையல்காரர்களுக்கு இல்லாத ஒரு கணக்கு நமக்கு இருக்கிறது. பிறை ஆண்டுக்கு 354 நாள்; சூரிய ஆண்டுக்கு 365. ஆகவே நம் பெருநாள்கள் ஆண்டுதோறும் 10 அல்லது 11 நாள் முன்னால் வருகின்றன. ஏறக்குறைய 33 ஆண்டில் ஒரு முழுச் சுற்று.

மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2004, 2005, 2006 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நோன்புப் பெருநாளும் தீபாவளியும் சில நாள் இடைவெளியில் வந்தன. இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் சேர்ந்ததால் தையல்காரர்கள் திணறினார்கள். பிறகு பெருநாள் ஆடி, ஆனி வழியாகக் கோடைக்குள் வந்தது. 2025இல் நம் நாட்டில் பெருநாள் மார்ச் 31. இனி அது மாசிக்கும் தைக்கும் நகர்கிறது. கணக்குப்படி 2032இல் நோன்புப் பெருநாள் பொங்கலை ஒட்டி, ஜனவரி மத்தியில் வரும். நாள் பிறையைப் பொறுத்தது.

இதனால் என்ன? கோடைப் பெருநாளுக்கு மல், காட்டன் என்று கேட்டவர்கள், இனி வரும் ஆண்டுகளில் முழுக்கை உடையும் சற்றே தடித்த துணியும் கேட்பார்கள். குளிர்காலப் பெருநாளுக்குத் துணி வாங்க வேண்டிய மாதம் மழை மாதமாகிவிடும். துவைத்து உலர்த்த நாள் கூடுதலாக வேண்டும். பொங்கலும் பெருநாளும் சேரும் ஆண்டுகளில் ஆர்டரை ஷஃபான் மாதத்திலேயே எடுத்து, ரமலானின் முதல் பத்துக்குள் வெட்டி முடித்துவிட வேண்டும். கடைசிப் பத்து இரவுகள் மெஷினுக்கு உரியவை அல்ல. முன்கூட்டித் திட்டமிடுபவருக்கே அந்த இரவுகளில் இபாதத் கிடைக்கும்.

கூலியும் லாபமும்

கணக்குப் புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு. விலைகள் கடைக்குக் கடை மாறும். ஒரு நைட்டிக்கு மூன்று மீட்டர் துணி, மீட்டர் 70 ரூபாய் வீதம் 210. நூலும் பட்டனும் 15. ஊசி, எண்ணெய், கரண்டுக்கு 5. ஆக அடக்கம் 230. வெட்டித் தைக்க இரண்டு மணி நேரம். 350 ரூபாய்க்கு விற்றால் மிச்சம் 120. அதே நைட்டியைக் கடைக்காரர் துணியில் கூலிக்குத் தைத்தால் 40 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

சொந்தமாகத் தைப்பதே மேல் என்று தோன்றும். இப்போது பத்து நைட்டி தைத்துப் பாருங்கள். அடக்கம் 2,300. பத்தும் விற்றால் மிச்சம் 1,200. இரண்டு விற்காமல் நின்றால் கைக்கு வருவது 2,800, மிச்சம் 500. மூன்று நின்றால் வருவது 2,450, மிச்சம் 150 மட்டும். கூலிக்குத் தைத்திருந்தால் எந்தக் கவலையும் இல்லாமல் 400 கிடைத்திருக்கும். ஆகவே யாருக்கு, எந்த அளவில், எந்த மாதத்தில் வேண்டும் என்று கேட்டறிந்த பிறகே துணியை வெட்ட வேண்டும். தொடக்கத்தில் பாதி நேரம் கூலி வேலை, பாதி நேரம் சொந்த வேலை என்று வைத்துக்கொள்வது நல்லது.

கடனுக்குக் கொடுத்ததை நோட்டில் எழுதுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்வது குர்ஆனின் கட்டளை. உறவுக்காரரிடம் எழுதக் கூச்சப்பட்டே பலர் முதலை இழக்கிறார்கள்.

மற்ற ஊர்ப் பெண்களிடம் கற்பது

நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் அந்த வருமானத்தைக் கொண்டு விடுதலை பெற்றதாகப் பழைய பதிவுகள் கூறுகின்றன. கைவேலைக்கு அவ்வளவு பலம் உண்டு.

அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆந்திராவின் நரசாப்பூரில் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டிலிருந்து கொக்கி ஊசியால் லேஸ் பின்னினார்கள். அவர்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஆய்வாளர் எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. சரக்கு வெளிநாடு போனது, வியாபாரிகள் செழித்தார்கள். பின்னிய பெண்களை "வீட்டில் சும்மா இருப்பவர்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்" என்றே எல்லோரும் கருதினார்கள். தொழிலாளி என்ற பெயரே இல்லாதபோது கூலி எப்படி உயரும்?

அகமதாபாத்தில் இலா பட் அவர்கள் 1972இல் தொடங்கிய சேவா அமைப்பு இதற்கு ஒரு விடை காட்டியது. மில் கழிவுத் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு மெத்தை உறை தைத்த பெண்கள் அங்கே இருந்தார்கள். அவர்களில் பலர் முஸ்லிம்கள். தனித்தனியே வியாபாரியிடம் நின்றபோது அவர் சொன்னதே கூலி. சேர்ந்து கேட்டபோது கூலி உயர்ந்தது. பிறகு தாங்களே கூட்டுறவு அமைத்துத் துண்டுத் துணியை நேரடியாக வாங்கினார்கள். நம் தெருவில் ஐந்து பேர் சேர்ந்தாலே, "இந்த விலைக்குக் குறைந்து தைப்பதில்லை" என்று சொல்ல முடியும். ஒருவருக்கு வந்த ஆர்டரை அடுத்தவர் குறைந்த கூலிக்குப் பறிப்பதும் நிற்கும்.

அரசு வழியில் கிடைப்பவை

தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். வீட்டில் தைப்பவரும் தொழிலாளியே. பிள்ளைகளின் கல்வி, திருமணம், மகப்பேறு, விபத்து, இறப்பு ஆகியவற்றுக்கு உதவியும், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியமும் உண்டு. பதிவைக் குறித்த காலத்தில் புதுப்பிக்க மறக்கக் கூடாது. சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கணவரை இழந்தோர், கைவிடப்பட்டோர், ஏழைப் பெண்கள் ஆகியோருக்கு சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தைக்கத் தெரியும் என்பதற்கான சான்று கேட்பார்கள். அரசுப் பள்ளிச் சீருடைகளைத் தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றியும் அங்கேயே கேட்டறியலாம். மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தின் உதவிக்குச் சிறுபான்மையினர் நல அலுவலரை அணுகலாம்.

நாம் செய்யவிருப்பது

இந்த ஆண்டுத் திட்டத்துக்கு அறக்கட்டளை மூன்று வழிகளில் துணை நிற்க எண்ணியிருக்கிறது. ஆடியில் துணியும் நூலும் வாங்க வட்டியில்லா அழகிய கடன்; அதைப் பெருநாள் வரவிலிருந்து தவணையாகத் திருப்பலாம். லுஹருக்கும் அஸருக்கும் இடையில் பெண்களுக்கான தையல், பின்னல் வகுப்பு, கற்றுக்கொடுப்பவரும் பெண்ணே. பனிக்காலத்துக்கு முன், சகோதரிகள் பின்னிய மஃப்ளர்களையும் குழந்தை செட்டுகளையும் உரிய விலைக்கு வாங்கி, மதம் பாராமல் ஏழை முதியோருக்கும் சிசுக்களுக்கும் கொடுப்பது. இதில் கொடுப்பவருக்கு சதகா, பின்னியவருக்குக் கூலி, வாங்கியவருக்குக் கதகதப்பு.

வசதியுள்ள குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜகாத்தாகவோ சதகாவாகவோ மெஷின் வாங்கிக் கொடுக்க முன்வருபவர்கள், அதோடு ஓராண்டுக்கான நூலையும் முதல் பத்து ஆர்டர்களையும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் வீட்டுத் தலையணை உறை, திரைச்சீலை, பிள்ளைகளின் சீருடை, கடைக்கு எடுத்துப் போகும் பை இவை நம் தெருச் சகோதரியின் மெஷினில் தைக்கப்படட்டும். தைத்து முடிந்த அன்றே கூலியைக் கையில் கொடுத்துவிடுங்கள்; வியர்வை உலரும் முன் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

சகோதரிகளே, பின்னல் வகுப்புக்குப் பெயர் கொடுக்க விரும்புபவர்கள் ஆடி பிறப்பதற்கு முன் அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லிவையுங்கள். இரண்டு ஊசியும் ஒரு நூல்கண்டும் நாங்கள் தருகிறோம். உழைத்து உண்பவரின் கையில் அல்லாஹ் பரக்கத்தை இறக்குவானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்